வாழைமரம் போட்ட நோட்டு

சின்னமனூரைச் சுற்றி வாழைத் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் கொண்டுவந்து காட்டிய வாழைமரம் நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்ததன்று. பத்து டாலர் நோட்டொன்றில் அச்சாகியிருந்தது. பழைய நோட்டுகளைச் சேர்க்கும் பைத்தியம் இந்த உபாத்தியாயருக்கு உண்டென்பதை ஊரே அறியும்.

யுத்தம் வந்தால் உலோகம் ஒளிந்துகொள்ளும். காகிதம் வெளியே வரும். முதல் மகாயுத்தத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1917 நவம்பர் 30-இல் இந்திய சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. 1918-இல் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்தது. இரண்டாம் யுத்தத்தின்போது, 1940-இல், ஒரு ரூபாய் நோட்டு மறுபடியும் தலைகாட்டிற்று. அவசரத்தில் பிறந்த பிள்ளைகளாயினும் அவற்றைக் கடையில் நீட்டினால் அரிசி கிடைத்தது.

வாழைமர நோட்டின் கதை வேறு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் மலேயாவில் தங்கள் நோட்டுகளை வேண்டிய மட்டும் அச்சிட்டுப் புழங்கவிட்டனர். பிற்காலத்து நோட்டுகள் பலவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது. விலைவாசி மலையேறிற்று. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், அந்தப் பணம் செல்லாதென்று அறிவித்துவிட்டனர். ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம்மவர் கையில் மிஞ்சியது வெற்றுத் தாள்.

மாணவனுடைய வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய பாட்டியார் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கட்டையே எடுத்து வைத்தார். யுத்தம் முடிந்து மலேயாவிலிருந்து திரும்பிய அவருடைய தந்தை கொண்டுவந்ததாம்.

"இதை எந்த பாங்கியிலயாவது மாத்த முடியுமா, வாத்தியாரையா?"

"முடியாதம்மா. சேகரிப்பவர்கள் வாங்குவார்கள். ஏராளமாகக் கிடைப்பதால் சொற்ப விலைதான்."

பாட்டியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு வருசக் கூலின்னு எங்க ஐயா சொல்லுவாரு" என்றார்.

விலை பேசுவதற்கென்று பணத்தோடு போயிருந்த எனக்குச் சட்டைப் பையில் கையை விட மனம் வரவில்லை. அவர் தந்தையின் பெயர், வேலை செய்த தோட்டம், திரும்பிய விவரம், அந்த 'மூன்று வருசக் கூலி' எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கட்டோடு சேர்த்துப் பேரன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேயர்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய நோட்டு இருக்கக்கூடும். அதற்கு இஸ்திரி போட வேண்டாம். கிழிசலுக்குப் பசை ஒட்டவும் வேண்டாம். யார் கொண்டுவந்தது, எந்த உழைப்புக்குக் கிடைத்தது என்பதை மட்டும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நோட்டு இன்னொன்று சந்தையில் அகப்படும். அதன் கதையைச் சொல்லும் பாட்டி அகப்படமாட்டார்.