நடிகர் படத்துக்கு விட்ட இடம்

போன வாரம் படிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "தோழர், சூடானில் இவ்வளவு நடக்குது. ஒரு ஹீரோகூட வாய் திறக்க மாட்டேங்கிறாங்களே?" கையில் போஸ்டர் மாதிரி ஒன்றும் வைத்திருந்தார். மேலே அல் ஃபாஷர் என்று பெரிய எழுத்து. கீழே ஒரு நடிகரை டேக் செய்து, அவர் படத்துக்கு இடம் விட்டிருந்தது.

அவருடைய கோபம் நியாயமானது. சுமார் ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபர் 26 அன்று அல் ஃபாஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப் படையிடம் விழுந்தது. கொன்றவர்களே கொலையை வீடியோ எடுத்துப் போட்டார்கள். தார்ஃபூரின் கறுப்பினச் சமூகங்களை 'அபித்', அதாவது அடிமை, என்று திட்டிக்கொண்டே அடிப்பது அந்தப் படையின் பழைய வழக்கம். சாதிப் பெயரைச் சொல்லி அடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தார்ஃபூருக்காக ஹீரோக்கள் வாய் திறக்காமல் இல்லை, தம்பி. ஹீரோக்கள் அதிகம் பேசிய போர்களில் அதுவும் ஒன்று. நீங்கள் அப்போது கைக்குழந்தை. 2006 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் பெரும் பேரணி நடந்தது. ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி பேசினார். அதே ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் போய்ப் பேசினார். 2010இல் சூடானைக் கண்காணிக்கச் செயற்கைக்கோள் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 2012இல் சூடான் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே கவலைப்பட்டிருப்பார்.

அந்த 2006 மேடையில் இன்னொருவரும் பேசினார். செனட்டர் பராக் ஒபாமா. 2008இல் அவர் ஜெயித்த அன்று எங்கள் தெருவில் நாங்கள் மிட்டாய் கொடுத்தோம் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஒரு கறுப்பர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உலகத்தில் எங்கோ ஒரு பூட்டு திறக்கும் என்று நம்பினோம். பதவி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 2017 ஜனவரியில், சூடான் மீதான பொருளாதாரத் தடைகளைத் தளர்த்த உத்தரவு போட்டார் ஒபாமா. அன்றைக்கும் சூடானின் அதிபர் ஒமர் அல் பஷீர்தான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2009இல் பிடிவாரண்ட் போட்ட அதே ஆள். இன்றுவரை அந்த நீதிமன்றத்திடம் அவர் ஒப்படைக்கப்படவில்லை.

கொலை செய்த ஜன்ஜவீத் கும்பல்கள் என்ன ஆயின? 2013இல் அவற்றுக்குச் சீருடையும் சம்பளமும் கொடுத்து ஆர்.எஸ்.எஃப் என்று பெயர் வைத்தது சூடான் அரசு. அதன் தலைவர் ஹமீத்தி, பஷீர் விழுந்தபின் நாட்டின் இரண்டாம் இடத்துக்கே வந்தார். பழைய ஜன்ஜவீத் தளபதி அலி குஷைப் குற்றவாளி என்று ஹேக் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2025 அக்டோபர் 6. அல் ஃபாஷர் விழுந்ததும் அதே மாதம்தான்.

இதற்கு நடுவில், எந்த நட்சத்திரமும் கூப்பிடாமல் சூடான் மக்கள் எழுந்தார்கள். 2018 டிசம்பரில் அத்பரா என்ற ரயில்வே ஊரில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்துத் தொடங்கியது. மருத்துவர்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். போரில் வீடிழந்து கார்த்தூமுக்கு வந்து தெருவோரம் டீ விற்ற பெண்கள் வந்தார்கள். தெருத்தெருவாக எதிர்ப்புக் குழுக்கள் அமைத்தார்கள். நான்கே மாதத்தில் பஷீர் போனார். 2019 ஜூன் 3 அன்று ராணுவத் தலைமையகத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு 2021இல் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப்பும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தன. 2023 ஏப்ரல் 15 முதல் அந்த இரண்டுமே ஒன்றையொன்று சுட்டுக்கொள்கின்றன, சாவது ஜனம். 1 கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள்.

அந்த எதிர்ப்புக் குழுக்களில் இருந்த பிள்ளைகள்தான் இன்று 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் குண்டுக்கு நடுவே கஞ்சி காய்ச்சுகிறார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியபோது அந்தச் சமையற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் மூடின. அப்போது யாரை டேக் செய்திருக்க வேண்டும்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேக்லமோர் என்ற அமெரிக்க ராப் பாடகர் 2024இல் துபாய் கச்சேரியை ரத்து செய்தார். ஆர்.எஸ்.எஃப்புக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருகிறது என்பதுதான் காரணம். அமீரகம் மறுக்கிறது, ஐ.நா. நிபுணர் குழுவோ அந்தக் குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்றது. அவர் பணத்தை விட்டார். நம் நட்சத்திரங்களும் துபாய் மேடை ஏறுகிறார்கள். இரங்கல் பதிவு கேட்பதைவிட அந்த மேடையைப் பற்றிக் கேட்கலாம். சூடான் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச்சேருவதும் அமீரகத்துக்குத்தான். துபாய் தங்கம் நம் கல்யாண வீடுகளுக்கும் வருகிறது. எந்தப் பவுன் எந்த மண்ணில் தோண்டியது என்று உரசிப் பார்த்தால் தெரியாது.

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். அனுதாபம் கேட்கவில்லை, காகிதம் கேட்டார். அவர்கள் எப்படி வழக்கைக் கட்டுகிறார்கள் என்று பார்த்து, நம் வழக்கைக் கட்டுவதற்கு. டுபாய்ஸும் பதில் போட்டார். இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள். நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

போஸ்டரில் நடிகருக்கு விட்ட இடத்தில் சூடான் வரைபடம் போடச் சொன்னேன். தம்பி ஒத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "மேப் போட்டா யார் தோழர் ஷேர் பண்ணுவா?" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவசர உதவி அறைகள் வெளியிட்ட அறிக்கைகளில் ஒன்றையாவது படித்துவிட்டு வாருங்கள்.