வைசர் தெளிவு எல்லோருடைய பொறுப்பு

பொழுது சாய்ந்து ஷிஃப்ட் மாறும் நேரத்தில் காங்கேயம் – திருப்பூர் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். தலைக்கவசம் போட்டு வருபவர்களிலேயே பலர் வைசரை மேலே தூக்கிவிட்டுத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். கேட்டால், "இறக்கினா ரோடே தெரியறதில்லீங்க" என்பார்கள். உண்மைதான். கீறல் விழுந்த வைசரில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் பட்டால் ஒளி சிதறிக் கண் கூசும். தூக்கிவிட்டாலோ உமித்தூசியும் டிப்பர் மணலும் மாலைப் பூச்சியும் நேரே கண்ணில் விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, கண்ணைக் கசக்கும் ஒரே நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கட்டாயமாக அமலுக்கு வந்தது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை நாடெங்கும் விற்கக் கூடாது. தலையில் ஏற்றும் வேலையைச் சட்டம் செய்துவிட்டது. வைசர் வழியே சாலை தெரிகிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைசருக்கு ஏற்றது பாலிகார்பனேட். அடிபட்டால் வளைந்து கொடுக்கும். எளிதில் சில்லுசில்லாக உடையாது. ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையானது. அதனால்தான் நல்ல வைசர்களுக்குக் கீறல் தாங்கும் பூச்சு கொடுக்கிறார்கள். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், கீறலும் குறைவு. ஆனால் பலத்த அடி விழுந்தால் கூர்மையான துண்டுகளாக உடையும். முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய பொருள் அதுவன்று. கறுப்பு வைசரோ இரவுக்கு ஆகவே ஆகாது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 22-ன்படி, 80 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒளியை விடும் வைசரைப் பகலில் மட்டுமே பயன்படுத்தலாம்.

நல்ல வைசரையும் நாமே கெடுத்துவிடுகிறோம். தூசி படிந்ததைச் சட்டை நுனியால் வறட்டுத் துடைப்பாகத் துடைக்கிறோம். ஒவ்வொரு துகளும் ஒரு கோடு கிழிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கறை போகட்டும் என்று பெட்ரோலையோ தின்னரையோ தொட்டுத் தேய்க்கிறார்கள். பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடுகின்றன. பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, துளி ஷாம்பு விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வைசரைத் தெளிவாக வைத்திருப்பதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. வண்டி ஓட்டுபவர், இரவில் விளக்கொளி சிதறத் தொடங்கியதுமே வைசரை மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்க்கு மேல் பெரும்பாலும் ஆகாது. கடைக்காரர்கள் தாங்கள் விற்கும் தலைக்கவசத்துக்குப் பொருந்தும் மாற்று வைசரையும் கையிருப்பில் வைத்து, அது எந்தப் பொருளால் ஆனது என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பனியன் கம்பெனி முதலாளிகள் ஆயுத பூஜையன்று இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போதே, இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளரின் வைசரையும் பார்த்து, மங்கிப்போனதை மாற்றித் தரலாம். சாலைகளில் மணல், ஜல்லி ஏற்றிச் செல்வோர் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்ட வேண்டும். தலைக்கவசச் சோதனைக்கு நிறுத்தும் காவலர்கள் அபராதத்தோடு நின்றுவிடாமல் வைசரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம்.

எவருக்கும் இது தாங்க முடியாத செலவில்லை. வணிகர் சங்கமும் ஆலை உரிமையாளர்களும் நகராட்சியும் போக்குவரத்துக் காவல் துறையும் ஒருமுறை கூடிப் பேசினால், அடுத்த ஆடிக்காற்றுக்குள் காங்கேயத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.