தன் கையே தனக்குதவி: தோட்டத்து மர அறைக்குக் குளிர் எதிரி அல்ல!

பெர்னார்ட் ஷா எழுதிய அறை அவர் வீட்டுக்குள் இல்லை. லண்டனுக்கு வடக்கே அயட் செயின்ட் லாரன்ஸ் என்ற கிராமத்தில், வீட்டுத் தோட்டத்தின் கோடியில் இருந்த சின்ன மரக் குடில்தான் அவர் வேலை செய்த இடம். வெயில் விழும் பக்கம் திருப்பிக்கொள்ள வசதியாக, அதைச் சுழலும் மேடைமேல் அமைத்திருந்தார். குடிலுக்கு ‘லண்டன்’ என்று பெயரும் வைத்தார். வேண்டாத விருந்தாளி வந்தால், “ஐயா லண்டனில் இருக்கிறார்” என்று பொய் சொல்லாமலே சொல்லி அனுப்பிவிடலாம்!

இங்கிலாந்தில் இன்று பல வீடுகளின் பின்பக்கம் அப்படி ஒரு ‘லண்டன்’ இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு தோட்டத்து ஷெட் பலருக்கு ஆபீஸாகிவிட்டது. ஹாரோவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

“எங்களுடையது இரண்டு பெட்ரூம் வீடு. ஒன்றை ஆபீஸாக வைத்திருக்கிறோம். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வருகிறார்கள். தோட்டத்தில் நாங்களே ஒரு மர ஷெட் போட்டு, இன்சுலேஷன் கொடுத்து, அதில் அவர்களைத் தங்க வைக்கலாமா? என் கணவருக்கு டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரியும்!”

ஷெட் தாராளமாகப் போடலாம். ஆனால் அப்பா அம்மாவை அதில் தங்க வைக்க வேண்டாம். ஆபீஸைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டு, வீட்டு அறையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். ஏன் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் அளவு நாடா, பிறகு ரம்பம்

இங்கிலாந்தில் சாதாரண வீட்டுத் தோட்டத்தில், தனி அனுமதி வாங்காமல் ஒரு மாடியில்லாத ஷெட் போட முடியும். எல்லைச் சுவரிலிருந்து 2 மீட்டருக்குள் அமைந்தால், மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டின் முன்பக்கம் போடக் கூடாது. மொத்தத் தோட்ட இடத்தில் பாதிக்குமேல் கட்டடம் அடைக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. சில புதிய குடியிருப்புகளிலும் பழமை காக்கப்படும் பகுதிகளிலும் கட்டுப்பாடு அதிகம். அதனால் மரம் வாங்குவதற்கு முன் கவுன்சிலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

அடுத்தது கட்டட விதி. தரைப்பரப்பு 15 சதுர மீட்டருக்குள் இருந்து, அதில் யாரும் படுத்து உறங்குவதில்லை என்றால், பொதுவாக இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ‘உறங்குவதில்லை’ என்பதுதான் முக்கியம். ஆள் தூங்கும் இடம் என்று ஆனால் தீ எச்சரிக்கை, வெளியேறும் வழி, வெப்பம், காற்றோட்டம் என எல்லாமே வீட்டுக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். அது வெறும் காகித விதி அல்ல. நள்ளிரவில் ஹீட்டரில் தீப்பொறி பறந்தால், மரச்சுவருக்குள் தூங்கும் வயதானவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். குளிரில் இரவு பாத்ரூமுக்குத் தோட்டத்தைக் கடந்து ஓடவேண்டிய கஷ்டம் வேறு!

நம் மூச்சும் தண்ணீர்தான்

ஷெட் என்றதும் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் குளிரைத் தடுப்பது சுலபம், காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். மர அறையை உள்ளிருந்தே தின்னும் எதிரி ஈரம். அதுவும் வெளியே பெய்யும் மழையைவிட, உள்ளே நாம் விடும் மூச்சு.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 முதல் 50 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் முக்கால் லிட்டர் தண்ணீர்! 20 டிகிரி சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம்கூடத் தாங்காது. மீதி தண்ணீராக வழியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது இதனால்தான்.

இப்போது சுவரை யோசியுங்கள். உள்ளே ஹீட்டர், வெளியே பனி. உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று பலகை இடுக்கு வழியே சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த வெளிப்பலகையைத் தொட்டதும் நீராகிவிடும். இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அந்த வெளிப்பலகை அவ்வளவு குளிர்ந்திருக்கும். அதாவது, இன்சுலேஷன் இல்லாத ஷெட்டைவிடத் தப்பாக இன்சுலேஷன் போட்ட ஷெட் சீக்கிரம் உளுத்துப்போகும். மரத்தில் ஈரம் 20 சதவிகிதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். அது சுவருக்குள் நடப்பதால், வாடை வரும் வரை நமக்குத் தெரியவே தெரியாது.

இதற்கான தீர்வு ஒரே வரிதான்: உள்பக்கம் ஆவி புகாமல் அடைக்க வேண்டும், வெளிப்பக்கம் மூச்சு விட வேண்டும்.

சுவரில் என்ன, எந்த வரிசையில்?

உள்ளிருந்து வெளியே போகும் வரிசை இது. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. உள்பலகை: பிளைவுட் அல்லது பிளாஸ்டர்போர்டு.

2. அதன் பின்னால் 25 மி.மீ. ரீப்பர் அடித்த இடைவெளி. வயரும் ஸ்விட்ச் பெட்டியும் இதற்குள் அடங்கும்.

3. கனமான பாலிதீன் ஷீட். இதுதான் ஆவித்தடை. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இணைப்பெல்லாம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். வயருக்காக இதில் ஓட்டை போடக் கூடாது என்பதற்குத்தான் முந்தைய இடைவெளி.

4. நிற்கும் கட்டைகள். நம்மூர் மரக்கடையில் ‘நாலுக்கு ரெண்டு’ என்போமே, அதே அளவு. மையத்துக்கு மையம் 600 மி.மீ. இடைவெளி. நடுவில் இன்சுலேஷன்.

5. ஓ.எஸ்.பி. பலகை. சட்டம் ஆடாமல் பிடித்துக்கொள்வது இதுதான்.

6. மூச்சுவிடும் மெம்பிரேன். மழைநீரை உள்ளே விடாது, ஆவியை வெளியே விடும். இந்த இடத்தில் பாலிதீனை அடித்தால் எல்லாம் வீண்.

7. மறுபடியும் 25 மி.மீ. ரீப்பர், அதன்மேல் வெளிப்பலகை. பலகைக்குப் பின்னால் கீழிருந்து மேலே காற்று ஓட வேண்டும். எலி நுழையாமல் அடியில் கம்பிவலை.

இன்சுலேஷனில் இரண்டு வகை அதிகம் கிடைக்கும். அலுமினியத்தாள் ஒட்டிய பி.ஐ.ஆர். அட்டை மெல்லியதாக இருந்தே நன்றாகத் தடுக்கும், விலை கூடுதல். கனிமக் கம்பளி மலிவு, எளிதில் தீப்பிடிக்காது, சத்தத்தையும் குறைக்கும். ஆனால் 50 மி.மீ. அட்டை தரும் பலனுக்குக் கம்பளி 80 முதல் 100 மி.மீ. வரை வேண்டும். எதை எடுத்தாலும் கட்டையை ஒட்டி இடுக்கில்லாமல் அமர வேண்டும். வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம்.

பலன் எவ்வளவு? 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, வெளியைவிட உள்ளே 15 டிகிரி கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பலகைச் சுவரும் கூரையும் என்றால் தோராயமாக 2,000 வாட் வெப்பம் வெளியேறும். 50 மி.மீ. அட்டை வைத்தால் அது 350 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தரை, ஜன்னல், கதவு இடுக்கு எல்லாம் சேர்த்தாலும் சின்ன ஹீட்டரே போதும்.

தரையும் கூரையும்

மண்ணில் மரம் படவே கூடாது. கான்கிரீட் கட்டைகளோ தரையில் திருகி இறக்கும் இரும்புத் திருகுகளோ வைத்து, அதன்மேல் தரைச் சட்டத்தை ஏற்றுங்கள். அடியில் காற்று ஓடட்டும். மூலை சரியா என்று பார்க்க நம் கொத்தனார் கணக்கே போதும். 3க்கு 4 மீட்டர் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 5 மீட்டர் வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் அங்கேயே திருத்திவிடுங்கள். விட்டால் கூரை வரை துரத்தும்.

மரம் மருந்து ஏற்றியதாக இருக்கட்டும். ரம்பத்தால் அறுத்த முனைகளில் மருந்து இருக்காது. அங்கே தூரிகையால் மறுபடி பூச வேண்டும்.

தட்டையான கூரைக்குச் சுலபமான வழி, இன்சுலேஷனைக் கட்டைகளுக்கு நடுவில் திணிக்காமல் கூரைப் பலகைக்கு மேலே போர்வை மாதிரி விரிப்பது. முதலில் பலகை, அதன்மேல் ஆவித்தடை, அட்டை, மறுபடி பலகை, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் ஷீட். கட்டைகள் கதகதப்பான பக்கமே இருப்பதால் வியர்க்காது. கட்டைகளுக்கு நடுவில்தான் வைப்பேன் என்றால், இன்சுலேஷனுக்கு மேலே 50 மி.மீ. காற்றுவழியும் இருபக்கமும் திறப்பும் அவசியம். எப்படிச் செய்தாலும் தரையும் கூரையும் ஆளுக்குக் கால் மீட்டர் விழுங்கும். 2.5 மீட்டர் ஷெட்டில் உள்ளுயரம் 2 மீட்டர்தான் மிஞ்சும். வீட்டில் நெட்டையானவர் யாரோ, அவரை நிறுத்தி அளந்துவிட்டு வரைபடம் போடுங்கள்.

டிரில்லிங் மெஷினைக் கீழே வைக்க வேண்டிய இடம்

மின்சாரம் மட்டும் உங்கள் வேலை அல்ல. வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் புது லைன் இழுப்பதை, பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும். புல்தரையில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து ஹீட்டர் போடும் யோசனையே வேண்டாம்.

காஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் வேண்டாம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் நீராவி வரும். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடு அபாயமும் உண்டு. ‘வெதுவெதுப்பா இருக்கே’ என்று துவைத்த துணியை அங்கே காயப்போடவும் கூடாது. ஜன்னல் தலையில் இருக்கும் சின்னக் காற்றுத் திறப்பைக் குளிரிலும் மூடாதீர்கள்.

நம்மூர் மாடியில் போடலாமா?

வீடியோவில் பார்த்துவிட்டுச் சென்னை மொட்டைமாடியில் இதே வரிசையில் மர அறை போட நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே கதை தலைகீழ். புழுக்கம் வெளியே, ஏ.சி. குளிர் உள்ளே. ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வரும். உள்பக்கம் பாலிதீன் அடித்தால், அதன் முதுகில்தான் தண்ணீர் கோக்கும். நம்மூரில் கூரைமேல் விழும் வெயிலைத் தடுப்பதுதான் முதல் வேலை. அத்துடன் கரையான் என்ற விருந்தாளியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஹாரோ வாசகிக்குக் கடைசியாக ஒன்று. பலகை அடித்து மூடுவதற்கு முன், பாலிதீன் இணைப்பு ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பாருங்கள். மூடியபிறகு பார்க்கவே முடியாத பகுதி அது. டேப் விட்டுப்போன இடம் இருந்தால் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கட்டும். பகலில் யாராவது உங்களைத் தேடினால், “அவங்க லண்டன் போயிருக்காங்க” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்!