வௌவாலை எண்ணும்போது அதன் ஈயையும் எண்ணுங்கள்

'ஒட்டுண்ணி' என்பது இன்று உயிரியலைக் காட்டிலும் வசவில்தான் மிகுதியாகப் புழங்குகிறது. பொதுப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களை 'வரிப்பணத்தில் வாழும் ஒட்டுண்ணிகள்' என்று ஏசும் பதிவுகள் அவ்வப்போது சுற்றுக்கு வருவதை நண்பர்கள் அறிவீர்கள். அந்த ஏச்சுக்கு மறுமொழி எழுதும் ஆர்வம் எனக்கில்லை. அச்சொல் உண்மையிலேயே குறிக்கும் ஓர் உயிரைப் பற்றியும், சொல்லில் ஏறிய இழிபொருள் நம் ஆய்வுப் பழக்கத்துக்குச் செய்துள்ள கேட்டைப் பற்றியுமே எழுதுகிறேன். மொழியியல் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

வௌவால்களின் இரத்தத்தை மட்டுமே உண்டு வாழும் ஈக்கள் உலகில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. புறா வளர்ப்போர் இறகிடையே காணும் தட்டையான ஈயும், ஆப்பிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. இவற்றை இரு குடும்பங்களாகப் பகுப்பது வழக்கம். நிக்டெரிபீடே குடும்பத்து ஈக்களுக்குச் சிறகே இல்லை. நீண்ட கால்களும், முதுகை நோக்கிப் பின்னால் மடிந்து கிடக்கும் சிறு தலையும் கொண்ட இவற்றை முதன்முறை காண்பவர் சிலந்தி என்றே எண்ணுவர். நம் நாட்டுப் பெரும் பழந்தின்னி வௌவாலின் மயிரிடையே வாழும் சைக்ளோபோடியா சைக்சீ இவ்வகையினது. ஸ்ட்ரெப்ளிடே குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சிறகு உண்டு. ஆயினும் அதிலுள்ள அஸ்கோடிப்டெரான் என்னும் பேரினத்தின் பெண், வௌவாலை அடைந்ததும் சிறகையும் கால்களையும் உதிர்த்துவிட்டுத் தோலுக்குள் புதைந்துகொள்கிறது. உடலின் பின்முனை மட்டும் வெளியே தெரிய, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழிக்கிறது. இந்த ஈக்களின் உடல்மேல் வளரும் நுண்பூஞ்சைகளும் உண்டு. ஒட்டுண்ணிக்கும் ஓர் ஒட்டுண்ணி.

இவற்றின் இனப்பெருக்கம் இன்னும் வியப்புக்குரியது. தாய் ஈ முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே புழு தாயின் வயிற்றுக்குள் பால் போன்ற சுரப்பை உண்டு முழு வளர்ச்சி பெறுகிறது. பின்னர் தாய் வௌவாலை விட்டிறங்கி, குகைச் சுவரிலோ மரப்பொந்திலோ அப்புழுவை ஒட்டிவைத்துவிட்டுத் திரும்புகிறது. புழு உடனே கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில் வெளிவரும் இளம் ஈ விரைவில் ஒரு வௌவாலைப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பட்டினிச் சாவு. ஆகவே இவ்வுயிரின் முகவரியாக வௌவாலை மட்டும் எழுதினால் பாதி முகவரி விடுபட்டுப்போகும். சுவரும் சேர்ந்ததே அதன் வீடு.

இந்தச் சுவரிலிருந்து பல செய்திகள் கிளைக்கின்றன. வெனிசுவேலாவில் திரட்டப்பட்ட பெருந்தொகுப்பைக் கொண்டு பேட்டர்சன், டிக், டிட்மார் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, குகை போன்ற நிலையான இடங்களில் அடையும் வௌவால்கள் இலைகளிடையே அடைவனவற்றைவிட மிகுதியான ஈக்களைச் சுமப்பதைக் காட்டியது. இலை உதிர்ந்துவிடும், சுவர் காத்திருக்கும். அதே ஆண்டில் ரெக்கார்ட், கெர்த் இருவரும் ஜெர்மானியக் காடுகளில் வாழும் பெக்ஸ்டைன் வௌவால்களைப் பற்றி எழுதினர். பெண் வௌவால்கள் தங்கும் பொந்துகளை அடிக்கடி மாற்றுவதும், ஈக்கூடுகள் உள்ள பொந்துகளைத் தவிர்ப்பதும் இந்த ஈக்களிடமிருந்து தப்பும் உத்தி என்பது அவர்கள் கண்ட முடிவு. வௌவால் ஏன் இடம்பெயர்கிறது என்று அறிய ஈயின் நாள்கணக்கு வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள். ஈயைத் தூசியாகத் தட்டிவிடும் ஆய்வாளர், தாம் ஆராயும் வௌவாலின் ஒரு பகுதியையும் சேர்த்தே தட்டிவிடுகிறார்.

என் துறை இங்கேதான் நினைவுக்கு வருகிறது. குற்றியலுகரம் தனித்து நில்லாது. சார்ந்து வரும் எழுத்து. ஆயினும் தொல்காப்பியம் அதற்கெனக் குற்றியலுகரப் புணரியலை ஒதுக்கியது. தமக்கெனத் தனி இயக்கமில்லாத இடைச்சொற்களுக்கு இடையியலையே வகுத்தது. சார்ந்து நிற்பதைச் சார்ந்து நிற்பது என்று சொன்ன அந்நூல், அதனாலேயே அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை. நீக்கியிருந்தால் புணர்ச்சி விதிகளில் பாதி விளங்காது போயிருக்கும். நம் பாடநூல்களோ ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிருக்கு 'ஓம்புயிரி' என்றும் 'விருந்தோம்பி' என்றும் பெயரிட்டுள்ளன. அழையாமல் வந்து குருதி குடிப்பவனுக்கும் விருந்தோம்பியவராகப் பாவம் அந்த வௌவாலை ஆக்கிவிட்டோம்!

இந்த ஈக்கள் தீங்கற்றவை என்று நான் வாதிடவில்லை. பார்டொனெல்லா பாக்டீரியாக்கள் இவற்றில் காணப்படுகின்றன. மலேரியாக் கிருமியின் உறவான பாலிக்ரோமோஃபைலஸை இவை வௌவாலுக்கு வௌவால் கடத்துகின்றன. வௌவாலுக்குக் கெடுதி செய்வதை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மானைக் கொல்லும் புலியிடம் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை. புலி அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் 1987இல் எஞ்சியிருந்த 27 காண்டார் பறவைகளும் காப்பகத்துக்குள் வந்தன. அவற்றை மீட்கும் முயற்சியில் பேன்நீக்க மருந்தும் இட்டனர். பறவை பிழைத்தது. அதன்மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு பேனினம் அத்துடன் அற்றுப்போனதாகக் கொள்ளப்படுகிறது.

நம் நாட்டில் வௌவாலுக்கே இடம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ எல்லாப் பழந்தின்னி வௌவால்களையும் காகம், எலி ஆகியவற்றோடு கேடுதரும் உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. அப்பட்டியலையே நீக்கியது 2022ஆம் ஆண்டுத் திருத்தம். இந்நிலையில் ஈக்காகப் பேசுவது பேராசையாகத் தோன்றலாம். ஆனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து அனுமனஹள்ளியைப் பாருங்கள். 1994இல் அறிவியலுக்கு அறிமுகமான கோலார் இலைமூக்கு வௌவால் அங்குள்ள ஒரே குகையில், 200க்கும் குறைவான எண்ணிக்கையில் வாழ்கிறது. அதை நெருக்கியது கிரானைட் குவாரி. என்றேனும் அவ்வௌவால்களைப் பிடித்துக் காப்பகத்தில் வளர்க்கும் நிலை வந்தால், தூய்மைப்படுத்தல் என்ற பெயரில் காண்டாரின் கதை மீண்டும் நிகழும். வௌவால் தப்பினாலும் சுவர் தப்பாது; சுவரில் காத்திருப்பவை எவையோ அவையும் தப்பா.

கோழிக்கோட்டில் 2018இல் நிபா பரவிய பின் வௌவால்களைப் பிடித்து மாதிரி எடுக்கும் பணி பெருகியுள்ளது. நான் உடன்சென்ற ஒரு களப்பணியில் இரத்தமும் தொண்டைச் சளியும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போயின, ஈக்கள் துடைத்தெறியப்பட்டன. கேட்டதற்கு, 'அது ஒட்டுண்ணிதானே' என்றார்கள். அந்தத் 'தானே' என்னும் இடைச்சொல்லை நான் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வௌவாலை வலையிட்டுப் பிடிக்கும் துன்பத்தை அதற்குக் கொடுத்தாகிவிட்டது. அனுமதிக்கு மாதக்கணக்கில் அலைந்தாகிவிட்டது. அதே நேரத்தில் ஈயையும் எடுத்துவைக்கத் தேவைப்படுவது எரிசாராயம் நிரப்பிய சிறு குப்பியும் ஒரு சாவணமும் மட்டுமே. குப்பியின்மேல் வௌவாலின் எண், பால், தங்கியிருந்த இடம், நாள் ஆகியவற்றை எழுதினால் போதும். ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் பேராசிரியர்கள் இதையொரு நிபந்தனையாகவே வைக்கலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பிடித்த வௌவால்களைத் தனித்தனித் துணிப்பைகளில் இடுங்கள், பயன்படுத்திய பையைத் துவைக்காமல் மறுமுறை எடுக்காதீர்கள். ஒரே பையில் இரண்டு வௌவால்களை இட்டால் ஈக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். பிறகு எது எதன்மேல் வாழ்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.