சத்யன் காத்த பூஜ்யம்

1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 1-0 என்று வென்றது. அந்த ஒன்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் ஆசை. தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வி.பி. சத்யன், ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர். இந்த ஜூலை 18 அவருடைய நினைவு நாள்.

அப்போது நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அணியில் நானும் ஸ்டாப்பர்தான். சிதம்பரத்தில் ராத்திரி மீட்டர்கேஜ் ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். அங்கிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். கூட வந்த பையன்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் சத்யனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எதிர்ப் பாதியில் கிடக்கும்போதும் அவர் சும்மா நிற்கவில்லை. ஓரடி பின்னால் வருவார், இரண்டடி பக்கவாட்டில் நகர்வார், கையை நீட்டிப் பக்கத்து பேக்கை உள்ளே இழுப்பார். வாய் ஓயாது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அவர் கை போன பக்கமெல்லாம் பின்வரிசை நகர்ந்தது. எதிரணி ஃபார்வர்ட் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் அவன் முதுகில் மூச்சு படும் தூரத்தில் நின்றார். கோல் போட்டவர் படம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பந்து வருவதற்கு முன்பே வழியை அடைத்துவிட்டவரின் வேலையை எந்தப் படத்தில் பிடிப்பது?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் பழைய இந்திய ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கின் பக்தர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் அடிபட்டுத் தையல் போட்ட ஜர்னைல், கட்டோடு சென்டர் ஃபார்வர்டாக இறங்கி, இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியவர் தன் நெற்றியைத் தொட்டுக்கொள்வார். "பந்து போவலாம், இல்ல ஆளு போவலாம். ரெண்டும் சேந்து ஒன்னத் தாண்டிப் போவக் கூடாது தம்பி" என்பார். பாதி மனசோடு டேக்கிள் போகிறவனுக்குத்தான் கால் உடையும் என்பதும் அவர் பாடம்தான்.

சத்யன் முழு மனசோடுதான் போனார். அவர் ஆட்டத்தை முரட்டு ஆட்டம் என்றவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முரடன் ஆளைப் பார்த்துக் காலை வீசுவான். சத்யன் பந்தைப் பார்த்துத் தன் உடம்பையே கொண்டுபோய்ப் போட்டார். இரண்டும் வேறு. அதற்கான விலையை அவர் கால்தான் கொடுத்தது; அடிக்கு மேல் அடி, வலியோடேயே ஆட்டம்.

கண்ணூர் மாவட்டம் சொக்லியில் 1965-ல் பிறந்தவர். ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி என்று நட்சத்திரங்கள் நிறைந்த கேரள போலீஸ் அணி 1990, 91 என்று அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை எடுத்தபோது பின்வரிசையின் முதுகெலும்பு அவர். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபிக்காகக் கேரளம் 1973-க்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஏங்கிக் கிடந்தது. 1992-ல் அது முடிவுக்கு வந்தது நம் கோயம்புத்தூரில். கோவாவை 3-0 என்று சாய்த்த அந்த அணிக்கும் அவர்தான் கேப்டன். கவனியுங்கள், அங்கேயும் ஒரு பூஜ்யம்.

பிறகு இந்தியன் வங்கி அணிக்காகச் சென்னைக்கே வந்துவிட்டார். ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அந்த வங்கியில்தான் வேலை. ஒரு இந்தியக் கேப்டன் நம்மோடு மின்சார ரயிலில் போய்வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்டியில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்? அர்ஜுனா விருது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

2006 ஜூலை 9-ஆம் தேதி பெர்லினில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. கோப்பையைத் தூக்கியவர் ஃபேபியோ கன்னவாரோ, அவரும் சென்டர் பேக், அவரும் கேப்டன். போட்டி முழுக்க இத்தாலி வாங்கியது இரண்டே கோல். ஒன்று தன் ஆளே போட்டுக்கொண்டது, இன்னொன்று பெனால்டி. ஸ்டாப்பர்களுக்கும் ஒரு காலம் வந்துவிட்டது என்று நானும் பழைய கூட்டாளிகளும் பூரித்துக் கிடந்தோம். ஒன்பது நாள் கழித்துப் பல்லாவரத்திலிருந்து ஒரு செய்தி. மன அழுத்தத்தில் இருந்த சத்யன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 41.

கடலூரிலிருந்து எழும்பூருக்கு எந்த ரயிலில் போனாலும் பல்லாவரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அந்த ஸ்டேஷன் வரும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவேளை அவர் மனசு எப்படி இருந்தது என்று கேட்க அந்தக் காலத்தில் கால்பந்து உலகில் யாருக்கும் பழக்கமில்லையோ என்னவோ. கால் வீங்கினால் ஐஸ் வைக்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கேரளம் அவரை மறக்கவில்லை. 2018-ல் ஜெயசூர்யா நடித்து 'கேப்டன்' என்று படமே எடுத்தார்கள். அவர் கடைசியாக வாழ்ந்த ஊர் நம்முடையது, நாம் என்ன செய்தோம்?

நம் பக்கம் கால்பந்து செத்துவிடவில்லை. கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் இன்று சாயங்காலம் போனாலும் பெண் பிள்ளைகள் பூட்ஸ் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இந்த மாவட்டத்துப் பெண்கள் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்தியாவுக்கே ஆடியவர்கள். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல்முறையாக தேசியப் பட்டம் எடுத்தபோது இங்கே வெடி வெடித்தோம். இந்துமதி நடுவரிசை, சந்தியா முன்வரிசை. இருவர் பெயரும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அணியின் பின்வரிசையில் நின்றவர்கள் யார் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்களே யோசிக்கிறார்கள்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு உள்ளூர் ஆட்டம் பார்த்தேன். பதினாறு வயது இருக்கும், ஒல்லியான பெண், பின்னலை இறுக்கிக் கட்டியிருந்தாள். கோலியைத் தாண்டிவிட்ட பந்தைக் கோட்டில் வைத்து வெளியே தள்ளிவிட்டு, அதே வேகத்தில் போஸ்ட்டில் மோதி விழுந்தாள். எழுந்தாள், முழங்கையைப் பார்த்தாள், கார்னருக்கு ஆளைப் பிடிக்க ஓடினாள். மைக் பிடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்து எதிர்ப் பக்கம் கோல் விழுந்ததும் அடித்தவள் பெயரை மூன்று தடவை சொன்னார்.

கடலூர், சிதம்பரம் பக்கம் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோல் விழுந்தால் சொல்லுங்கள், சந்தோஷம். கோல் விழாமல் ஒருத்தர் தடுத்தாலும் சட்டை நம்பரைப் பார்த்து அந்தப் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். இந்த ஜூலை 18-க்கு நடக்கிற ஆட்டத்திலேயே தொடங்கலாம்.