காரணம் கேட்கும் பழக்கம்

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது, பச்சைக் கோடு முக்கால் தூரம் ஓடிய பிறகு சட்டென்று நின்று, ஓர் எண்ணையும் இரண்டு வரி ஆங்கிலத்தையும் காட்டிவிட்டு வந்த வழியே திரும்பிப்போன அனுபவம் இல்லாத குடும்பம் இன்றைக்கு அநேகமாக இல்லை. அந்தச் சமயத்தில் நம்மில் பலர் செய்கிற காரியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. செய்திப் பெட்டியை வாசிக்காமலே 'ஓகே' பொத்தானை அழுத்தி மூடிவிட்டு, அதே கோப்பை மறுபடியும் திறக்கிறோம். அதுவும் பலிக்காதபோது தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஆளை அழைக்கிறோம். வந்தவர் 'பார்மட் போட்டுடலாம் சார்' என்றதும், அதைத் தவிர வேறு கதியில்லை என்று நம்பிச் சம்மதித்துவிடுகிறோம். கணினியில் நிகழும் எந்தத் தோல்வியும் காரணமின்றி நிகழ்வதில்லை. அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் கணினியே எங்கேயோ எழுதிவைத்திருக்கிறது. அதை வாசிக்கப் பட்டம் அவசியமில்லை, நிதானம்தான் அவசியம் என்பதே இந்த வாரம் நான் வாசகர்களிடம் சொல்ல விரும்பும் விஷயம்.

முதலில், ஒரு மென்பொருள் நம் கணினியில் வந்து அமரும்போது நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நாம் பதிவிறக்கிய கோப்பு ஒரு மூட்டை. நிறுவி என்று சொல்லப்படும் சிறு நிரல் அந்த மூட்டையை டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையில் பிரித்துவைத்து, போதிய இடம் உண்டா, தனக்குத் தேவையான துணைக் கோப்புகள் முன்பே இருக்கின்றனவா, எழுதுவதற்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, பிறகு கோப்புகளை அவற்றிற்குரிய இடங்களில் வைத்து, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பேரேட்டில் தன் வருகையைப் பதிவுசெய்கிறது. 1999-இல் ஆபீஸ் 2000 தொகுப்போடு மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்திய 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்ற ஏற்பாடு, இந்த வேலைகளில் ஒன்று தவறினாலும் அதுவரை செய்தவற்றை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, கணினியைப் பழைய நிலையில் விட்டுவிட்டு விலகும்படி அமைக்கப்பட்டது. ஆகவே கோடு பின்னோக்கி ஓடும்போது கணினி கெட்டுப்போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அரைகுறையாக ஒன்றை விட்டுவைக்கக் கூடாது என்ற ஒழுங்கினால்தான் அது பின்வாங்குகிறது. ஆனால் அதே ஒழுங்கினால் ஒரு சிரமமும் விளைகிறது. பின்வாங்கி முடித்தபின் கடைசியில் நம் கண்ணுக்குத் தெரிகிற செய்தி விளைவைச் சொல்வது; மூலகாரணம் அதற்கு வெகுநேரம் முன்பே நிகழ்ந்து முடிந்திருக்கும்.

இனி, நாம் வாசிக்காமல் மூடிவிடுகிற அந்த எண்களைப் பார்ப்போம். விண்டோஸ் அடிக்கடி காட்டும் 80070005 என்ற எண் மிரளவைக்கிற தோற்றமுடையதே தவிர, பிரித்துப் பார்த்தால் எளியது: முதலிலுள்ள 8 தோல்வி என்பதைச் சொல்கிறது, நடுவிலுள்ள 7 இது விண்டோஸின் பொதுப் பிழைப் பட்டியலைச் சேர்ந்தது என்கிறது, கடைசியிலுள்ள 5 அந்தப் பட்டியலில் ஐந்தாம் எண், அதாவது அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். அதே வரிசையில் 80070002 என்றால் தேடிய கோப்பு கிடைக்கவில்லை. 80070070 என்று வந்தால், இந்த எண்கள் பதினாறை அடியாகக் கொண்டவை ஆதலால் கடைசியிலுள்ள 70 நம் கணக்கில் 112 ஆகிறது. 112-ஆம் பிழையோ டிஸ்க்கில் இடமில்லை என்பது. 1618 என்ற எண், வேறொரு நிறுவல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்கிறது. அனுமதியில்லை என்றால் கோப்பின்மேல் வலச்சொடுக்குச் செய்து அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறப்பதும், இடமில்லை என்றால் இடம் ஒழிப்பதும், பொறுக்கச் சொன்னால் பொறுப்பதும் எவரும் செய்யத்தக்க பரிகாரங்கள். இவற்றிற்காக ஒரு டிஸ்க்கை முழுவதும் அழிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எல்லா எண்களும் இப்படி வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1603 என்பது, நிறுவலின்போது மீள முடியாத தவறு நேர்ந்தது என்பதற்குமேல் எதையும் சொல்லாத எண். எங்கள் அடுத்த வீட்டில் பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் ஒருவன், பாடத்திற்கு வேண்டிய வரைபட மென்பொருளை இன்ஸ்டால் செய்ய முயன்று இந்த எண்ணைக் கண்டு சோர்ந்துபோய் ஒரு மாலை என்னிடம் வந்தான். "கடையில கேட்டா பார்மட் பண்ணாதான் சரியாகும்னு சொல்றாங்க மாமா. அப்பாவோட போட்டோ, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு" என்று அவன் சொன்னபோது, குறிப்பிட்ட காரணம் எதையும் காட்டாமல் ஒரு குடும்பத்தின் ஞாபகங்களைப் பணயமாகக் கேட்கிற ஆலோசனை எவ்வளவு சுலபமாக வழங்கப்பட்டுவிடுகிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பல நிறுவிகள் தாம் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு பதிவுக்கோப்பில் நேரத்தோடு குறித்துக்கொண்டே போகின்றன. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி அதன் இருபுறமும் சதவீதக் குறியிட்டால் அந்தக் கோப்பு இருக்கும் இடம் திறக்கும். தேதி வாரியாக அடுக்கி, அன்றைய கோப்பை நோட்பேடில் திறந்து, ஆங்கிலத்தில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற சொற்களைத் தேடினோம். விண்டோஸ் இன்ஸ்டாலரின் விரிவான பதிவுகளில் ஏதோ ஒரு படி தோற்ற இடத்தில் இந்தச் சொற்கள் நிற்கும் என்பதும், அதற்குச் சற்று மேலுள்ள வரிகளில்தான் உண்மை இருக்கும் என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்த வழி. அங்கே ஒரு கோப்பின் முகவரி இருந்தது. சி டிரைவ், அதனுள் யூசர்ஸ், அதனுள் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஆறு கேள்விக்குறிகள்.

பையனின் தகப்பனார், கணினி வாங்கிய நாளில் வீட்டார் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பயனர் கணக்குக்கு 'இல்லம்' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். நமக்கு அது நான்கெழுத்து. கணினியின் சேமிப்பிலோ மெய்களின் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் ஆறு. நிறுவிக்குள்ளே இருந்த ஒரு துணை நிரல், தமிழ் எழுத்துக்களைக் கையாளத் தெரியாத பழைய முறையில் எழுதப்பட்டிருந்தபடியால், ஆறு குறியீடுகளையும் ஆறு கேள்விக்குறிகளாக மாற்றிக்கொண்டது. விண்டோஸில் எந்தக் கோப்பின் பெயரிலும் கோப்புறையின் பெயரிலும் கேள்விக்குறி வரக்கூடாது என்பது விதி. ஆகவே அப்படி ஓர் இடமே இல்லை என்ற பதிலைப் பெற்று, அந்த நிரல் தோற்றது. அது தோற்றதால் எல்லாம் பின்வாங்கியது. பின்வாங்கியதன் முடிவில் 1603 என்ற எண் வந்து நின்றது. சி டிரைவிலேயே ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை அமைத்து, தற்காலிகக் கோப்புகள் இனி அங்கேதான் போக வேண்டும் என்று சிஸ்டம் அமைப்பில் டெம்ப், டிஎம்பி என்ற இரு மாறிகளையும் திருத்திவிட்டு மறுபடியும் ஓட்டினோம். மென்பொருள் தடையின்றி அமர்ந்தது. ஒரு படமும் அழியவில்லை.

இதில் அந்தத் தகப்பனார்மேல் எள்ளளவும் குற்றமில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாப்டின் இயங்குதளம் தமிழை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, இத்தனை காலத்திற்குப் பிறகும் ஒரு குடும்பம் தன் மொழியில் வைத்த பெயரைக் கேள்விக்குறியாக்குகிற மென்பொருள் விற்பனைக்கு வருகிறது என்றால், திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் அதை எழுதியவர்களே. தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இப்படி நேர்ந்தால் பதிவுக்கோப்பின் அந்த வரியைப் பிரதியெடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள் என்று சொல்வேன். பத்துப் பேர் அனுப்பினால் அலட்சியப்படுத்தலாம். ஆயிரம் பேர் ஆதாரத்தோடு கேட்டால் அலட்சியப்படுத்த முடியாது.

வீடுகளில் சர்வசாதாரணமாகத் தோன்றுகிற இன்னொரு செய்தி, விசிரன்டைம்140 என்பது போன்ற பெயருடைய ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்பது. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற துணைக் கோப்புகள் இவை. பெயரைப் பார்த்தவுடனே அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கிருந்தோ தேடியெடுத்துச் சிஸ்டம் கோப்புறையில் போட்டுவிடுவது பலர் கையாளும் உபாயம். யார் வைத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைக் கணினியின் இருதய ஸ்தானத்தில் கொண்டுபோய் வைப்பது பெரும் அபாயம். இந்தக் கோப்புகளை எல்லாம் ஒரே தொகுப்பாக, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பெயரில் மைக்ரோசாப்டே இலவசமாகத் தருகிறது. கணினி 64 பிட் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும், 32 பிட் முறையில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு 32 பிட் தொகுப்புத்தான் வேண்டும் என்பதால், இரண்டையும் போட்டுக்கொள்வதே விவேகம்.

பழைய கணினி உள்ள வீடுகளில் எவரும் சந்தேகிக்காத ஒரு காரணமும் உண்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போன்ற வட்டமான சிறு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை, மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடச்செய்கிறது. அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கணினியின் தேதி பல வருஷங்கள் பின்னால் போய் நிற்கும். இன்றைய நிறுவிகள் இணையத்தின் வழியே கோப்புகளைப் பெறும்போது, எதிர்ப்பக்கம் உண்மையானதுதானா என்பதை ஒரு டிஜிட்டல் சான்றிதழால் உறுதிசெய்துகொள்கின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி பின்னால் போன கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தோன்றுவதால், பாதுகாப்பில்லை என்று சொல்லி இணைப்பையே மறுத்துவிடுகிறது. திரையின் கீழ்மூலையிலுள்ள தேதியை ஒரு முறை பார்ப்பதும், சிறு தொகைக்குக் கிடைக்கும் ஒரு பேட்டரியை மாற்றுவதும் போதுமான இடத்தில், வன்பொருளே போய்விட்டது என்று புதுக் கணினி வாங்கச் சொல்கிறவர்களும் உண்டு.

நிறுவலின்போது ஆன்டிவைரஸை நிறுத்திவையுங்கள் என்று கேட்கும் 'கிராக்' செய்யப்பட்ட மென்பொருள்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. காவல்காரரை அனுப்பிவிட்டுத்தான் வருவேன் என்கிறவரை வீட்டுக்குள் விடலாகாது. அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்கள், ஆபீஸ் தொகுப்புக்கு லிப்ரேஆபீஸ், படங்களுக்கு ஜிம்ப் என்று நேர்மையான வழியில் கிடைக்கும்போது அந்த ஆபத்தை நாடவேண்டிய அவசியமும் இல்லை.

எந்தப் பிழையாயினும் அதைத் தேடும் முறை ஒன்றே. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஐந்து யோசனைகளை ஒரேயடியாகச் செய்து பார்க்கிறவர், வெற்றி கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று அறியமாட்டார். தோற்றாலோ, புதிதாக எதைக் கெடுத்தார் என்பதையும் அறியமாட்டார். கணினிக்கு அருகே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்து, பிழை எண், நேரம், அதற்குமுன் கடைசியாகச் செய்த மாற்றம் ஆகியவை குறிக்கப்படுமானால், பாதி நோய்க்குக் காரணம் அப்போதே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் கணிசமான அளவு தம்முடைய நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று 1949-இல் தமக்கு விளங்கியதைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். துறையின் முன்னோடிக்கே பிழை தேடுவது தொழிலின் அங்கமாக இருந்தது என்றால், நம் வீட்டுக் கணினியில் ஒரு பிழை வருவது நம் அறியாமைக்கு அடையாளமாகாது. வெட்கப்பட்டு ஒதுங்கவேண்டிய விஷயமும் அது அல்ல.

பார்மட் செய்வது எப்போதும் தவறு என்று நான் வாதிக்கவில்லை. வைரஸ் ஊடுருவி எந்தக் கோப்பையும் நம்ப முடியாத நிலையிலும், இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளே சிதைந்து வேறு பரிகாரங்கள் பலிக்காத நிலையிலும் அது தக்க சிகிச்சையே. அப்போதும் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்துவைத்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். பழுதுபார்க்க வருகிறவர்களை நான் குறைகூறவும் இல்லை. ஒரு நாளைக்குப் பல வீடுகளுக்குப் போகவேண்டியவருக்குப் பதிவுக்கோப்பை வாசிக்க அவகாசம் இல்லாதிருக்கலாம். ஆனால் நமக்கு அவகாசம் உண்டு, கணினியும் நம்முடையது. செய்திப் பெட்டியை மூடுமுன் அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பழுதுபார்க்க வருகிறவரிடம் அதைக் காட்டி, "காரணம் என்னங்க, அது எங்கே எழுதியிருக்கு?" என்று மரியாதையோடு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கலாம். பதில் கிடைக்கும்வரை எதையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டாம்.