நண்பன் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரா?

ஆய்க்குடியிலிருந்து ஒருவன் வேலைக்காக வெளிநாடு கிளம்பினால் வாசலில் வேன் வந்து நிற்கும். தாய்மாமன், சித்தப்பா, அக்கா பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே ஏறிக்கொண்டு, ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம்வரை போய் அழுதுவிட்டு வரும். அதே பையன், கூடப் படித்தவன் கல்யாணத்துக்காக ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறேன் என்று சொல்லட்டும், தென்காசி பஸ் ஸ்டாண்டுவரைகூட ஆள் வராது. “யாருல அவன், சொக்காரனா?” என்பது முதல் கேள்வி. “அம்புட்டுத் துட்டையும் செலவழிச்சுப் போயி ஒரு நேரச் சோறு தின்னுட்டு வரணுமாக்கும்” என்பது தீர்ப்பு.

வெளிநாடு என்பது சம்பாதிக்கப் போகிற இடம், கல்யாணம் என்பது சொந்தபந்தம் கூடுகிற இடம், இந்த இரண்டிலும் நட்புக்கு வேலையில்லை என்ற நம்பிக்கைதான் இப்படிப் பேச வைக்கிறது. நம் ஊர்ப்பக்கம் இது சிக்கனம் என்ற பெயரில் மரியாதையாக நடமாடுகிறது. சிக்கனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆவணியிலும் தையிலும் நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பெரியப்பாவின் சம்பந்தி வீட்டுக் கல்யாணம் கோயம்புத்தூரில் என்றால் வேன் பிடிக்கிறோம், புதுச் சேலை எடுக்கிறோம், மொய் எழுதுகிறோம். மாப்பிள்ளையின் பெயர் வேனில் ஏறிய பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தச் செலவை யாரும் வீண் என்று சொல்வதில்லை. காரணம் மொய் நோட்டு. இன்றைக்கு எழுதியது நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். நண்பனுக்காகச் செய்த செலவு எந்த நோட்டிலும் ஏறாது, அதனால் வீண். தொகை பெரிதா சிறிதா என்பதல்ல இங்கே பிரச்சினை, திரும்பி வருமா என்பதுதான்.

வட்டிக்கு வாங்கிப் போகச் சொல்லவில்லை. கையில் இல்லாதவன் போகாமலிருப்பதில் ஒரு குறையும் இல்லை, புரிந்துகொள்ளாதவன் நண்பனும் இல்லை. பணக்காரர்கள் கல்யாணத்தையே பாலிக்கும் துபாய்க்கும் தூக்கிக்கொண்டு போவது வேறு கதை. 2023 நவம்பரில் பிரதமர் மோடி தம் வானொலி உரையில், கல்யாணங்களை இந்திய மண்ணிலேயே நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது அவர்களைப் பார்த்துத்தான். பிழைக்கப் போன ஊரில் பெண் பார்த்து அங்கேயே தாலி கட்டுகிற ஆய்க்குடிப் பையனுக்கும் அவன் நண்பனுக்கும் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நம்மவர்கள் அதையும் எடுத்து இவர்கள் தலையில்தான் போடுகிறார்கள்.

நட்புக்கு இலக்கணம் கேட்டால் பிசிராந்தையாரைச் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. பாண்டிய நாட்டுப் புலவர், நேரில் பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனுக்காகச் சோழ நாட்டுக்கு நடந்தார். அன்றைய நிலவரப்படி அது வெளிநாட்டுப் பயணம்தான். போய் நண்பனோடு வடக்கிருந்து உயிர் விட்டார். நண்பனின் சாவுக்குப் போனவரை ஈராயிரம் வருஷமாகக் கொண்டாடுகிறோம். நண்பனின் கல்யாணத்துக்குப் போகிறவனை மட்டும் பிழைக்கத் தெரியாதவன் என்கிறோம்.

“நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போயிரணும்” என்பது ஊர் வழக்கு. உள்ளூருக்கு அது சரி. கடல் தாண்டிய நட்புக்கு அது செல்லாது. சிங்கப்பூரில் ஒரு சாவு விழுந்தால் ஆய்க்குடிக்காரன் விசா வாங்கி, டிக்கெட் எடுத்து, மலை தாண்டிப் போய் விமானம் ஏறுவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். கல்யாணம் அப்படியில்லை, மாதக்கணக்கில் முன்னாலேயே நாள் தெரிந்துவிடுகிறது. தூரத்து நண்பனுக்கு நாம் நேரில் போய் நிற்கக்கூடிய காரியம் அனேகமாக அது ஒன்றுதான். அதையும் வாட்ஸ்அப் வாழ்த்திலும் ஜிபே மொய்யிலும் முடித்துக்கொள்வது என்றால், நண்பன் என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வெளியூரில் நடக்கிற கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கம் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த பையன் போன கல்யாணம் சிங்கப்பூரில், ஒரு கோயில் மண்டபத்தில். பெண் பக்கம் நாற்காலி போதவில்லை. மாப்பிள்ளை பக்கம் அப்பா, ஒரு சித்தப்பா, கூட வேலை பார்ப்பவர்கள் சிலர், இவன். பாஸ்போர்ட் இல்லை, லீவு இல்லை, உடம்பு முடியவில்லை என்று மற்றவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். மாலையை வாங்கி வைத்துக்கொள்ளவும், வேட்டி அவிழாமல் பெல்ட்டை இறுக்கிவிடவும், புகைப்படக்காரர் “மாப்பிள்ளை வீட்டார் வாங்க” என்று கூப்பிட்டபோது மேடை ஏறவும் இவன்தான் இருந்தான். அந்த இடத்தை எவ்வளவு மொய் அனுப்பி நிரப்ப முடியும்?

திரும்பி வந்தபோது என்ன நடந்தது? பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வெளிநாடு போனவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது இந்த நம்பிக்கையின் வால். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், சோப்பு எல்லாம் கடை பரப்பியாக வேண்டும். ஐந்து நாளில் வந்தவனின் பெட்டியில் கசங்கிய பட்டு வேட்டியும் நாலு பாட்டில் தைலமும்தான் கிடந்தன. “இதுக்குத்தானா?” என்றாள் அத்தை. வீட்டில் யாரும் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை.

கேட்டவள் நண்பனின் ஆச்சி. கல்யாணத்தை நேரலையாகப் பார்க்க வீட்டில் ஏற்பாடெல்லாம் செய்திருந்தார்கள், தாலி கட்டுகிற நேரத்தில் படம் உறைந்துவிட்டதாம். “பிள்ளைக்கு மாலை யாருடே எடுத்துக் குடுத்தா? சோறு தின்னானா, இல்ல நின்னுக்கிட்டே கெடந்தானா? மறுவீட்டுக்குச் சொதி வச்சாகளா?” கேள்வி கேள்வியாகக் கேட்டு ஒரு பொழுது முழுக்க அவனை உட்கார வைத்துவிட்டாள். சொதி வைக்கவில்லை, மண்டப வாடகை நேரம் முடிந்துவிட்டது என்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவன் ஊருக்கு வந்து சொன்னதால்தான் அந்தக் கோபத்துக்கும் வழி பிறந்தது. சொந்தக்காரர் பட்டியலில் இல்லாத ஒருவன்தான் அந்தக் குடும்பத்துக்கு இந்த உபகாரத்தைச் செய்தான்.

சொந்தம் என்ற சொல்லை நாம் புழங்குகிற விதத்தில் சாதியும் ஒளிந்திருக்கிறது. அழைப்பிதழில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அச்சடிக்கிறோம். சுற்றம் நம் தெருவைத் தாண்டாது. தாண்டுவது நட்புதான். பையன் எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவான், எந்த வீட்டில் தங்குவான் என்ற கவலை, செலவைப் பற்றிய பேச்சுக்குள் பதுங்கி நிற்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் அந்தப் பதுங்கலும் கிடையாது. தோழி கல்யாணத்துக்கு அவள் மதுரைக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டும், கோலாலம்பூர் என்று வாயெடுத்தால் வீடு ரெண்டுபடும். கல்யாணத்துக்குப் பிறகு தோழிகள் எல்லாரும் போன் நம்பராகச் சுருங்கிப்போன பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

“ஆபத்துன்னா ரத்த சொந்தம்தான் வரும்” என்பார்கள் அடுத்து. இதை ஆய்க்குடியில் நின்றுகொண்டு சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக இதே ஊரில் அவர் தொடங்கிய அமைப்புக்கு வைத்த பெயர் அமர் சேவா சங்கம். அமர் என்பது அவருக்கு மருத்துவம் பார்த்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். சாதி, மொழி, மதம் எதிலும் அவர் இவருக்கு உறவில்லை. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த ஊர்ப் பெயரை வெளியூரில் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது முருகன் கோயிலும் அந்தச் சங்கமும்தான்.

வெளிநாடு என்றதும் மலைப்பதும் நாமே பழக்கிக்கொண்டது. 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அது கடைக்குப் போய்வருகிற வழி. இப்போது வழி மறுபடி இலகுவாகி வருகிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் மலேசியா, இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கியது. சிங்கப்பூருக்கு இன்னும் விசா வேண்டும், அதுவும் அப்படியொன்றும் கிடைக்காத சரக்கில்லை.

ஆகவே வீட்டில் ஒருவருக்கு இப்படி அழைப்பு வந்தால் யார் அவன் சொக்காரனா என்று கேட்காதீர்கள். எந்தத் தேதி என்று கேளுங்கள். வசதி இருந்தால் அனுப்புங்கள், வந்ததும் பெட்டிக்கு முன்னால் கல்யாணக் கதையைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எழுதிப் போடுங்கள், பெண் பிள்ளைக்கும் சேர்த்து. பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும் 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்.